ஆறாத வலியோடு வருபவரிடம் எதைச் சொல்வது, எங்கே தொடங்குவது

மூன்று மாதத்தைத் தாண்டியும் நிற்கிற வலியை, அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிற வலியை, நாள்பட்ட வலி என்கிறோம். அடிபட்ட தசையோ எலும்போ பெரும்பாலும் அதற்குள் ஆறியிருக்கும். அப்படியும் வலித்தால் நோயாளிக்கு இரண்டு விளக்கங்கள்தான் தோன்றும். உள்ளே ஏதோ பெரிதாகக் கெட்டுப்போயிருக்கிறது, இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இல்லாவிட்டால், நான் நடிப்பதாக எல்லாரும் நினைக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடி, கையில் தடித்த ஃபைலோடு வருபவர்களுக்கு மூன்றாவது விளக்கம் ஒன்று இருப்பதை, அதாவது நரம்பு மண்டலமே தேவைக்கு மேல் உஷாராகிவிட்டதை, புரியவைப்பது சிகிச்சையின் முதல் பாதி. அந்தப் புரிதலைக் கடிகாரத்தோடு கட்டிவைப்பது மறுபாதி. முதல் பாதியோடு அனுப்பிவைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. எண்களோடு கூடிய திட்டம் இல்லாததால்தான் நல்ல விளக்கங்கள்கூட வீணாகின்றன என்பது எங்கள் அனுபவம்.

விளக்கத்துக்கு முன்னால் கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும் முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் எடுபடாது. நோயாளி தன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருப்பது சிரமம்தான். ஆனால் அவர் எதை நம்புகிறார் என்பது அந்தச் சில நிமிடங்களில்தான் வெளியே வரும். மூன்று கேள்விகள் போதும். "உள்ளே என்ன ஆகியிருக்குன்னு நீங்க நினைக்கிறீங்க?" "இதுக்கு முன்னாடி பார்த்தவங்க என்ன சொன்னாங்க?" "வலியால எதையெல்லாம் விட்டுட்டீங்க?" பதில்களை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு வலிக்கிற இடத்தைக் கையால் தொட்டுப் பரிசோதியுங்கள். ஸ்கேன் படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "பயப்பட ஒண்ணுமில்லை" என்றால், தொட்டுக்கூடப் பார்க்காதவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை.

அபாய அறிகுறிகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேளுங்கள்: காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தது, பெரிய விபத்து, நாளுக்கு நாள் கூடும் கைகால் பலவீனம். முதுகுவலியோடு தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனாலோ, அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். மற்ற பேச்செல்லாம் அப்புறம். கேட்டுப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. "ஆபத்தானது எதுவும் இல்லை" என்று கடைசியில் சொல்லும்போது, எதையெல்லாம் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்கும்.

இனி விளக்கம். காயத்தின் அளவை நரம்பு அப்படியே மூளைக்குக் கொண்டுபோகிறது, காயம் பெரிதென்றால் வலியும் பெரிது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மையில் நரம்பு கொண்டுபோவது ஆபத்துச் செய்தியை மட்டுமே. தண்டுவடத்தில் அந்தச் செய்தி கூடவும் செய்யும், குறையவும் செய்யும். வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் இருவரும் 1965இல் முன்வைத்த வாயிற்கதவுக் கோட்பாட்டின் சாரம் இதுதான். இடித்துக்கொண்ட முழங்கையைத் தேய்த்துவிட்டால் வலி தணிவதும் இந்த வழியில்தான். வந்த செய்தியை மூளை பழைய நினைவு, பயம், தூக்கம், சுற்றி நடப்பது எல்லாவற்றோடும் சேர்த்து எடைபோட்டு, பாதுகாப்பு தேவை என்று முடிவெடுத்தால் வலி பிறக்கிறது. 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு குறிப்பு வந்தது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 15 செ.மீ. ஆணியின் மீது குதித்துவிட்டார். ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்து நிற்கிறது. அசைத்தாலே துடித்ததால் வலுவான மருந்துகளைக் கொடுத்து ஆணியை எடுத்தார்கள். பூட்ஸைக் கழற்றினால் ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருந்தது, காலில் கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. கண்ணில் பட்டதை வைத்து மூளை முடிவெடுத்தது, வலி முழு நிஜம். நோயாளிகளின் மனதில் தங்குகிற உதாரணம் இது.

வலி நீடிக்கும்போது செய்தியைக் கடத்தும் அமைப்பே மாறிவிடுகிறது. காயத்துக்குப் பின் தண்டுவட நரம்பணுக்கள் கூருணர்வு அடைந்து, சாதாரணத் தூண்டலுக்கும் பலமாக எதிர்வினை காட்டுவதை 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வுல்ஃப் எலிகளில் காட்டினார். திருடன் வந்தால் மட்டும் அலற வேண்டிய கார் அலாரம் காற்றடித்தாலே அலறுவது போன்ற நிலை இது. ஒரு எச்சரிக்கை: இந்த உவமையை அவசரமாகச் சொன்னால் "பொய் அலாரம்" என்றுதான் காதில் விழும், பொய் என்ற சொல் மட்டும் மனதில் நிற்கும். "வலி மூளையில் உருவாகுது" என்று மொட்டையாகச் சொல்வதிலும் இதே ஆபத்து. வீட்டுக்குப் போனதும் அது "எல்லாம் மனசுலதான்னு சொல்லிட்டாங்க" என்று ஆகிவிடும். முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், "உங்க வலி நிஜம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை." அதன் பிறகுதான் நரம்பு மண்டலம் தேவைக்கு மேல் உஷாராகிவிட்டதைப் பற்றிப் பேச்சு.

இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், நம்ப மாட்டார்கள். நம்பவைப்பது அவர்களுடைய வாழ்க்கையிலேயே இருக்கிற சாட்சியம். நடுத்தர வயது அம்மா ஒருவர், இடுப்புவலி, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள மெத்தை) தேய்ந்ததாகச் சொல்லும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கையில் என்றால் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"டிஸ்க் தேஞ்சுபோச்சு, ஜவ்வு விலகியிருக்குன்னு சொல்லிட்டாங்க. நடந்தா இன்னும் தேஞ்சிடாதா டாக்டர்?"

"நல்லாத் தூங்கி எழுந்த அன்னிக்கு வலி எப்படிம்மா இருக்கு?"

"கொஞ்சம் பரவாயில்லை."

"வீட்ல ஏதாவது மனஸ்தாபம் ஆன அன்னிக்கு?"

"அன்னிக்குத் தாங்கவே முடியாது."

"அந்த ரெண்டு நாளும் டிஸ்க் ஒரே மாதிரிதானே இருந்திருக்கும்?"

இங்கே நிறுத்திவிட வேண்டும். அடுத்த வாக்கியத்தை அவரே கண்டுபிடிக்கட்டும். சிலருக்கு ஒரு நிமிடம் ஆகும், சிலர் அடுத்த சந்திப்பில் அவர்களாகவே ஆரம்பிப்பார்கள். மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பதிலைச் சொல்லிவிடுவதுதான் இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஸ்கேன் அறிக்கையை ஒதுக்கித் தள்ள வேண்டாம். அதை வயதோடு சேர்த்துப் படித்துக் காட்டுங்கள். முதுகுவலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 20 வயதில் 37 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் புடைப்பு 50 வயதில் 60 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை. நரை போல வயதோடு வருகிற மாற்றங்கள் இதில் நிறைய. இன்னொன்றையும் சொல்லுங்கள்: டிஸ்க் இரண்டு எலும்புகளோடும் இறுகப் பிணைந்திருப்பது, இருந்த இடத்தைவிட்டு அப்படியே வழுக்கி ஓடுவதில்லை. உள்ளேயுள்ள பொருள் வெளியே பிதுங்குவது உண்டு. பிதுங்கியதைப் பல சமயம் உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது. "எலும்போடு எலும்பு உரசுது", "முதுகு வீக்காயிருச்சு", "இனிமே குனியவே கூடாது" போன்ற பேச்சு நோயாளியின் நடையையே மாற்றிவிடும், பல வருடங்களுக்கு. அப்படிச் சொன்ன முந்தைய மருத்துவரைக் குறை சொல்லவும் வேண்டாம். நோயாளி அவரை நம்பியிருப்பார், நம்மேல்தான் சந்தேகம் வரும்.

புரிந்ததா என்று கேட்டால் எல்லாருமே புரிந்தது என்பார்கள். அதற்குப் பதிலாக, "வீட்ல போனதும் டாக்டர் என்ன சொன்னாங்கன்னு கேட்பாங்க, என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க" என்று பதில் வந்தால் விளக்கம் போய்ச் சேரவில்லை. "நரம்பு ரொம்ப உஷாரா இருக்கு, வலிச்சாலும் உள்ளே உடையலை, கொஞ்சம் கொஞ்சமா பழக்கணும்" என்ற அளவுக்கு வந்தால் போதும், மேலே போகலாம்.

இனி கடிகாரம். நாள்பட்ட வலிக்காரர்களின் வாரத்தைக் கேட்டுப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும். வலி குறைந்த நாளில் தேங்கிக் கிடந்த வேலை அத்தனையையும் முடித்துவிடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கை. எழுந்ததும் மறுபடி அதே கதை. ஒவ்வொரு சுற்றிலும் செய்யக்கூடிய வேலை கொஞ்சம் குறைகிறது, வேலை என்றால் வலி என்று நரம்பு மண்டலம் இன்னும் அழுத்தமாகக் கற்றுக்கொள்கிறது. இதை உடைக்க ஒரே வழி, எப்போது நிறுத்துவது என்ற முடிவை வலியிடமிருந்து பிடுங்கிக் கடிகாரத்திடம் கொடுப்பது.

நிற்பதை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள், வலி தெளிவாகக் கூடத் தொடங்கும்வரை எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 14, 9, 13 நிமிடம் என்று வந்தால் சராசரி 12. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய ஒன்பதரை, 9 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவில் ஏற்ற இறக்கம் அதிகமாக இருந்தாலோ பயம் அதிகமாக இருந்தாலோ பாதியே போதும். இதுதான் அடித்தளம். நல்ல நாளிலும் 9 நிமிடம், மோசமான நாளிலும் 9 நிமிடம். டைமர் அடித்ததும் உட்கார வேண்டும், சற்று ஓய்வு, பிறகு மறுபடி. ஒரு வாரம் இது சீராக நடந்தால் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம், அதாவது 10 நிமிடம். அடுத்த வாரம் 11. "இவ்ளோ மெதுவாவா?" என்பார்கள். வாரம் பத்து சதவீதம் கூட்டினால் இரண்டு மாதத்தில் இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நடப்பது, உட்காருவது, கணினி வேலை, பாத்திரம் தேய்ப்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவு வரும். ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் தொடங்க வேண்டாம்.

இதில் சறுக்கும் இடம் கெட்ட நாள் என்று நினைப்போம். இல்லை, நல்ல நாள்தான். "வலியே இல்லை டாக்டர், அதான் இன்னும் அரை மணி நேரம் செஞ்சிட்டேன்." இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதித் தோல்வியைத் தவிர்க்கலாம். "முதல் நல்ல நாள் வரும்போது உங்களுக்குக் கை துறுதுறுக்கும், அப்போ டைமரை மட்டும் கேளுங்க" என்றால் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். வேலை செய்த பிறகு வலி பத்துக்கு ஓரிரு புள்ளி கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. 24 மணி நேரம் தாண்டியும் கூடியே இருந்தால் அளவை 10, 20 சதவீதம் குறைக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் போகக் கூடாது.

பயந்து விட்டுவிட்ட அசைவுகளுக்கு வேறு பாதை. பட்டியல் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பயத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்லுங்கள். வலியைக் கேட்கவில்லை, பயத்தை. 3, 4 மதிப்பெண் உள்ளதில் தொடங்குங்கள். குனிவது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தொடைமேல் வைத்துச் சற்று முன்னால் சாய்வது முதல் படி. பிறகு கை முழங்கால் வரை, கணுக்கால் வரை, நின்றுகொண்டு குனிவது, தரையிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுப்பது. ஒவ்வொரு படியிலும் செய்வதற்கு முன், "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். முடித்ததும், "என்ன ஆச்சு?" இந்த இரண்டு கேள்வியையும் விட்டுவிட்டால் அது வெறும் உடற்பயிற்சிதான், பயம் இருந்த இடத்திலேயே இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை விறைத்துக்கொண்டு குனிகிறாரா என்றும் கவனியுங்கள். பாதுகாப்பாகக் குனியக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நாமே அந்த விறைப்பைச் சொல்லிக்கொடுத்திருப்போம்.

மூச்சுப் பயிற்சி எளிது: 4 விநாடி மூக்கால் இழுத்து, 6 விநாடியில் மெதுவாக விடுவது, நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 முதல் 10 நிமிடம். தலை சுற்றினால் ஆழத்தைக் குறைக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது மட்டும் செய்து பார்த்துவிட்டு "பலனில்லை" என்பவர்கள் அதிகம். வலி குறைவான நேரத்தில் தினமும் பழகியிருந்தால்தான் உச்சத்தில் கைகொடுக்கும். தூக்கத்துக்கு, எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாமல் வைப்பதே எல்லாவற்றையும்விட முக்கியம், இரவு எப்படிப் போயிருந்தாலும்.

மருந்தைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரிசெய்யாமல் சீட்டு எழுதினால் அது பாதியில் நின்றுபோகும். நாள்பட்ட வலியில் 30 சதவீதக் குறைவையே நல்ல பலனாகக் கணக்கிடுகிறோம். அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையை இரவில் 10 மி.கி. அளவில் தொடங்கும்போது, மருந்துக்கடையிலோ இணையத்திலோ "இது மனச்சோர்வு மாத்திரை" என்று தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். இந்தக் குறைந்த அளவில் வலிச் செய்தியைத் தணிக்கவும் தூக்கத்துக்குமே தருகிறோம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாய் உலர்தல், காலைத் தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் முதல் நாட்களிலேயே வரும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தொல்லை முதலில், பலன் பின்னால் என்ற இந்த வரிசை தெரியாததால்தான் கைவிடுகிறார்கள். முதியவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் இது கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்து. நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், ப்ரீகாபலின் இரண்டையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரையிலும் கூட்டு மருந்துகளிலும் அதே பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குபவர்களுக்கு வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, இரத்த அழுத்த உயர்வு வரலாம். வெவ்வேறு பெயரில் ஒரே வகை மருந்தை இரண்டாகச் சாப்பிடுகிறார்களா என்று பட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். தலைவலிக்காரர்களிடம் மாதத்துக்கு எத்தனை நாள் மாத்திரை போடுகிறார்கள் என்று எண்ணுங்கள். சாதாரண வலிநிவாரணி மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ட்ரிப்டான் (ஒற்றைத் தலைவலி மருந்து), ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி), கூட்டு மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ என மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகியிருக்கலாம்.

வேறு நோயால் விளக்க முடியாத முதன்மை நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், ஐபுபுரொஃபென் போன்ற அழற்சி நீக்கிகள், ஓபியாய்டுகள், காபாபென்டின் வகை எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் வழிகாட்டியது. உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் அது முன்னால் வைத்தது. ஏற்கெனவே ஓபியாய்டு எடுத்துக்கொண்டிருப்பவரிடம் இதைக் காட்டி ஒரே நாளில் நிறுத்துவது கொடுமை, ஆபத்தும்கூட. அவரோடு பேசி, அவர் ஒப்புக்கொள்ளும் வேகத்தில் குறைக்க வேண்டும்.

வலி திடீரென ஏறும் நாட்கள் எல்லாருக்கும் வரும். அதற்கான தாளை வலி குறைவாக இருக்கும்போதே நோயாளி தன் கையால் எழுதி வைக்கட்டும். இது எனக்குப் பழகிய வலியா, புது மாதிரியா? புதிதென்றால், அல்லது அபாய அறிகுறி இருந்தால், யாரைப் பார்ப்பது? பழகியதுதான் என்றால் முதல் இரண்டு நாள் எல்லா அளவும் பாதி, மூன்றாம் நாள் முக்கால், பிறகு பழைய அளவு. முழுநாள் படுக்கை கிடையாது. துணி சுற்றிய வெந்நீர்ப் பை 15 முதல் 20 நிமிடம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் அந்த இடத்தில் சூடு வைக்கக் கூடாது, வெந்துபோவதுகூடத் தெரியாது. எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை நாள் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பதற்றத்தில் முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்காததுதான் அதன் வேலை.

வீட்டாரை ஒருமுறையாவது கூட அழைத்து வரச் சொல்லுங்கள். "நீ படும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்பவர்களும், "எப்பப் பாரு வலி வலின்னு" என்று சலித்துக்கொள்பவர்களும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே வேலை கொடுக்கலாம்: வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்பது. டைமர் அடித்ததும் உட்காருபவரைப் பார்த்து "அதுக்குள்ளயா?" என்று கேட்காமல் இருப்பது.

மணிக்கு மணி வலி எண்ணை எழுதச் சொல்லும் டயரியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நாள் முழுக்கக் கவனம் வலியிலேயே குத்திட்டு நிற்கும். செய்த நிமிடங்களை மட்டும் எழுதினால் போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மூன்று கேள்விகள்: கடந்த வாரத்தில் சராசரி வலி, வாழ்க்கையை ரசிக்க அது எவ்வளவு இடைஞ்சல், அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு இடைஞ்சல், ஒவ்வொன்றும் 0 முதல் 10 வரை. பெக் (PEG) அளவுகோல் என்பது இதுதான். பலருக்குப் பின்னிரண்டு எண்களும் முதலில் இறங்கும். வலி எண் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கலாம். அதை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். அதனால் முதல் மறுசந்திப்பை ஒரு வாரத்திலேயே வையுங்கள், அடுத்தது இரண்டு வாரத்தில், பிறகு நான்கில். ஒவ்வொரு முறையும் முதலில் நிமிடக் கணக்கைக் கேட்டுவிட்டு வலியை அப்புறம் கேளுங்கள். கடைசிச் சந்திப்பில் அந்த வலி ஏறும் நாளுக்கான தாளை வாங்கிப் படியுங்கள். "வலி கூடினால் உடனே மறுபடி ஸ்கேன்" என்று அதில் எழுதியிருந்தால் அது கடைசிச் சந்திப்பாக இருக்க முடியாது. உள்ளே என்ன ஆகியிருப்பதாக நினைக்கிறார் என்ற முதல் நாள் கேள்வியை மறுபடி கேட்டு, அன்று எழுதி வைத்த பதிலோடு ஒப்பிட்டுப் பார்த்து, விளக்கத்தை அங்கிருந்து தொடர வேண்டும்.